புளிக்காத கீரை

சோலைமுத்துவுக்கு நாக்குதான் சொத்து. பேசுகிற நாக்கு இல்லை, அதில் அவன் மட்டம். ருசி பார்க்கிற நாக்கு. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் காட்டில் பிறந்தவன். சுற்றுவட்டாரத்தில் யார் புதுக் கிணறு தோண்டினாலும் முதல் செம்புத் தண்ணீரை அவனிடம்தான் நீட்டுவார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மிளகாய்க்கு ஆகும், பருத்திக்கு ஆகும், மாட்டுக்குக்கூட ஆகாது என்று சொல்வான். சொன்னது தப்பியதில்லை. இப்படி ஒரு நாக்கை வைத்துக்கொண்டு ஒருத்தன் ஆறும் குளமும் இல்லாத அரபு தேசத்துக்குத் தோட்டக்காரனாகப் போனான் என்றால், அதைத் தலையெழுத்து என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

1991-ல் போனான். அப்போது அவன் மனைவி நாகவள்ளிக்கு ஐந்து மாதம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு என்று காகிதத்தில் இருந்தது. காகிதத்தில் என்னதான் இல்லை? நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் ரோலாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு சிற்றூரில் பெரிய வில்லா. முதலாளியை எல்லோரும் அர்பாப் என்பார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை, பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். ஆனால் சோலைமுத்துவின் பாஸ்போர்ட் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. லீவு கேட்கும்போதெல்லாம், "இன்ஷா அல்லாஹ், அடுத்த மாசம்" என்பார். அந்த அடுத்த மாதம் நான்கு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

ஊரில் பானுப்பிரியா பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் காது குத்துவதற்கு மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிப் போட்டாயிற்று. பெற்றவன் இல்லாமல் குத்துவதில்லை என்று நாகவள்ளிக்கு ஒரு பிடிவாதம். கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாள்: "நாலு வயசுப் பொம்பளப்புள்ள மூளிக் காதோட திரியுதேன்னு ஊரே கேக்குது. ஆவணிக்கு வந்துருவீகளா மாட்டீகளா, ஒத்த வார்த்தை எழுதுங்க." கூடவே ஒரு போட்டோ. நெற்றி நிறையப் பொட்டு, இரண்டு பக்கமும் வெறும் காது. அந்தப் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான். ஆவணிக்கு ஊரில் இருக்க வேண்டும். அந்த வருஷம் அவனுக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

1995 வெயில் காலம். அர்பாப் குடும்பம் வழக்கம்போலக் குளிர் நாட்டுக்குப் பறந்துவிட்டது. வில்லாவுக்குச் சோலைமுத்து மட்டும் காவல். பின்பக்கம் இருந்த இரண்டு அறை வீட்டை ஒருத்தர் வாடகைக்கு எடுத்திருந்தார். அவருக்குப் பெயர் உண்டா, எந்த நாடு, என்ன தொழில் என்று சோலைமுத்து கேட்டதில்லை. இந்தி பேசினார், இங்கிலீஷ் பேசினார், அரபியும் பேசினார். சோலைமுத்துவுக்கு அவர் 'சார்'. அவ்வளவுதான்.

ஒரு நாள் சார் அவனை உள்ளே கூப்பிட்டார். ஜன்னலெல்லாம் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது. மேலே கண் கூசும் விளக்குகள். கீழே வரிசையாகத் தொட்டிகள். அவற்றில் சுண்டுவிரல் உயரத்துக்கு நாற்றுகள், எல்லாம் நுனி கருகி உயிர் விட்டுக்கொண்டிருந்தன. "ஸ்பெஷல் சலாட். ஃபாரின் விதை. முதல் தடவை போடுகிறேன், எல்லாம் சாகுது" என்று இந்தியில் சொன்னார். இன்னும் கொஞ்சம் விதை மீதி இருந்தது. "இதை நீ வளர்த்துக் கொடு. உன் அர்பாப் எனக்கு நெருக்கம். போனில் பேசி உன் பாஸ்போர்ட்டை நான் வாங்கித் தருகிறேன். ஆகஸ்டில் நீ ஊரில் இருப்பாய்."

ஆகஸ்ட் என்றால் ஆவணி. சோலைமுத்து வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் எதற்குச் செடி என்றுகூடத் தோன்றவில்லை. வெளியே வெயிலில் இரும்பே வேகும்போது கீரையை வேறு எங்கே வளர்ப்பார்கள்?

வேலையை நாக்கிலிருந்து ஆரம்பித்தான். அந்த வீட்டில் நான்கு விதத் தண்ணீர் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், பேரீச்சை மரம் மட்டும்தான் அதைத் தாங்கும். குழாயில் வருவது கடல் தண்ணீரை உப்பெடுத்து அனுப்புவது. மாடித் தொட்டியில் வெந்து, மருந்து வாடையோடு இறங்கும். ஏசி மிஷினிலிருந்து சொட்டுவது சுத்தம்தான், ஆனால் சப்பென்று சத்தில்லாமல் இருந்தது. நான்காவது, சார் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியிருந்த பாட்டில் தண்ணீர். நான்கையும் வாயில் வைத்துப் பார்த்தான். பாட்டிலை ஒதுக்கினான். குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, வாடை போய்ச் சூடு தணிந்ததும் ஏசி தண்ணீரைக் கலந்தான்.

உரமும் பாட்டிலில்தான் இருந்தது, வண்ண வண்ணமாக. சார் லேபிளைப் படித்து அளவு சொன்னார். சோலைமுத்து ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணியது. "சோட்டா பச்சா சார். பிரியாணி நஹி" என்றான். பச்சைப் பிள்ளைக்கு யாராவது பிரியாணி போடுவார்களா என்பதை அவனுடைய இந்தியில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சொன்ன அளவில் கால் பங்குதான் ஊற்றினான்.

இரண்டாவது வாரத்தில் நாற்றுகள் நிமிர்ந்துவிட்டன. சார் அவனைக் கட்டிப் பிடித்து "உஸ்தாத்!" என்றார். நான்கு வருஷத்தில் அவனை யாரும் பாராட்டியதில்லை. புல்லை வெட்டினான், குப்பையை அள்ளினான், சம்பளம் வாங்கினான். இப்போதுதான் ஒருத்தர் அவனுடைய நாக்குக்கு மரியாதை கொடுத்தார். அன்றைக்குச் சோலைமுத்து உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

இலை விரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. கைவிரல் மாதிரி பிளந்த இலை, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக. அட, இது நம் புளிச்சைக் கீரை! அவன் ஊரில் சோளக் காட்டு வரப்பில் கேட்பாரில்லாமல் நிற்பது. கடைந்து கம்பஞ்சோற்றில் போட்டால் இரண்டு உருண்டை கூடுதலாக இறங்கும். இதற்கா இத்தனை விளக்கு, இத்தனை ஏசி? பணம் படைத்தவர்கள் கூத்து என்று மனதுக்குள் வைத்துக்கொண்டான். தண்டில் சுணையில்லை, சிவப்பும் இல்லை. ஃபாரின் ரகம் அப்படித்தான் இருக்கும் போல.

ஒரே ஒரு குறை. ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்றான். புளிக்கவில்லை, கசந்தது. புளிச்சை புளிக்கவில்லை என்றால் அது வளர்த்தவனுக்குக் கேவலம். இலையின் மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை, தண்ணீரின் மேல் வந்தது. உப்பெடுத்த தண்ணீரில் உயிர் எங்கே இருக்கும், புளிப்பு எங்கிருந்து ஏறும்? தண்ணீரின் கலவையை மாற்றினான். லபான் என்கிற அந்த ஊர்த் தயிரைப் புளிக்க வைத்து மோராகக் கரைத்து வேரில் விட்டான். கடைசியில், சொன்னால் சிரிப்பீர்கள், சமையலுக்கு வைத்திருந்த புளியையே கரைத்து ஊற்றினான். வாரத்துக்கு ஒரு கொழுந்து மென்று பார்த்தான். கசப்புதான் கூடியது.

செய்ததையெல்லாம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்தான். "குழாய் 2, ஏசி 1." "மஞ்சள் பாட்டில் கால் மூடி." "லபான் விட்டேன்." "புளித்தண்ணி அரைச் செம்பு. புளிக்கலை." தான் ஆவணியில் ஊருக்குப் போனபிறகு அந்த இடத்துக்கு வருகிறவன் தடுமாறக் கூடாது அல்லவா, அதற்காக.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை, ஒரு பிடி இலையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ரோலாவுக்குப் பஸ் ஏறினான். அங்கே கலீலுர் ரஹ்மான் மளிகைக் கடை வைத்திருந்தார். கீழக்கரைக்காரர். மனைவி ருக்கையாவும் இரண்டு பெண்களும் அவருடனேயே இருந்தார்கள். சோலைமுத்து புளி வாங்குவதும், கடிதத்துக்குக் கவர் வாங்குவதும், மனம்விட்டுத் தமிழ் பேசுவதும் அந்தக் கடையில்தான்.

"என்னடா பொட்டலம்?"

"புளிச்சண்ணே. ஃபாரின் புளிச்ச. என்ன பண்ணியும் புளிப்பு ஏற மாட்டேங்கு. மோர் ஊத்துனேன், புளியே கரைச்சு ஊத்துனேன். ஒங்க பக்கம் இதுக்கு ஏதும் வழி இருக்கா?"

கலீலுர் ரஹ்மான் பேப்பரைப் பிரித்தார். அவருடைய பெரிய பெண்ணின் பள்ளிக்கூடத்தில் லீவு விடுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அதில் இந்த இலையைத்தான் படமாகப் போட்டு மேலே சிவப்பில் பெருக்கல் குறி இட்டிருந்தது. அவர் பேப்பரோடு இலையைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடினார். கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் மூன்று தடவை கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"அடப் பாவி. கஞ்சாடா அது."

"புளிச்சண்ணே."

"கஞ்சாங்குறேன்! எத்தனை செடி?"

"இருவது."

"யா அல்லாஹ்! போ. போயி இப்பவே எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு நேரா போலீசுக்குப் போயி நடந்தத சொல்லு. இன்னைக்கே. நாளைக்குன்னு வைக்காத."

"பாஸ்போர்ட்டு வாங்கித் தர்றேன்னாருண்ணே சாரு. ஆவணிக்கு..."

"உசுரு பெருசா, பாஸ்போர்ட்டு பெருசாடா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கடா. என் கடைக்கு வந்தேன்னோ, நான் சொன்னேன்னோ எங்கயும் வாயத் தொறந்துராத. ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கேன்."

"சத்தியமாச் சொல்ல மாட்டேண்ணே."

திரும்புகிற பஸ்ஸில் சோலைமுத்து இலை பட்ட கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் வெள்ளாமைக்காரச் சம்சாரிப் புத்தி ஒரு கணக்குப் போட்டது. பிடுங்கினால் சார் கோபித்துக்கொள்வார், பாஸ்போர்ட் வராது. போலீசுக்குப் போனால் பாஸ்போர்ட் இல்லாதவனை முதலில் உள்ளே வைத்துவிட்டுத்தான் விசாரிப்பார்கள். செடி தானாகச் செத்துவிட்டால்? தண்ணீர் சரியில்லை சார் என்று கையை விரித்துவிடலாம். பாம்பும் சாக வேண்டும், கம்பும் ஒடியக் கூடாது. எந்தத் தண்ணீர் கொல்லும் என்று அவனுக்குத் தெரியாதா? கலீலுர் ரஹ்மான் சொன்னதை அப்படியே செய்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய வேலை எனக்கு இருந்திருக்காது. இன்றைக்கு நினைத்தாலும் அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அன்று சாயங்காலம் கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி ஊற்றினான். மறுநாள் மேலும் இரண்டு. சனிக்கிழமை மாலையில் இலைகள் தொங்கிவிட்டன. பார்க்கப் பாவமாக இருந்தது அவனுக்கு. என்ன சனியனாக இருந்தாலும் அவன் வளர்த்த உயிர். பழக்க தோஷத்தில் காலண்டரில் எழுதவும் செய்தான். "கிணற்றுத் தண்ணி 2 வாளி." அடுத்த கட்டத்திலும் அதையே எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ் வந்தது. யார் சொல்லி வந்தார்கள் என்பது இன்று வரை தெரியாது. வியாழக்கிழமைக்குப் பிறகு சாரின் கார் அந்தப் பக்கம் வரவேயில்லை. அறையில் சாருடைய ஒரு சட்டைகூட இல்லை. இருந்ததெல்லாம் இருபது செடியும், சோலைமுத்துவும், அந்தக் காலண்டரும்தான்.

விசாரித்த அதிகாரி கை நீட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். மொழிபெயர்க்க வந்தவர் திருநெல்வேலிக்காரர், அவருக்கு உதவி செய்யும் மனதும் இருந்தது.

"அந்த சாரு பேரு என்னன்னு கேக்காரு."

"சாருங்க."

"எந்த நாடு?"

"தெரியலைங்க. இந்தி நல்லாப் பேசுவாரு."

"எந்தத் தண்ணி ஊத்தணும்னு யாரு முடிவு பண்ணுனது?"

"நாந்தாங்க."

"ஒரம்?"

"அதுவும் நாந்தாங்க. அவரு சொன்ன அளவு தப்புங்க. அத ஊத்தியிருந்தா அத்தனையும் கருகிப் போயிருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் பேனாவை நிறுத்தினார். "தம்பி, இத அப்படியே சொல்லணுமா?"

"உள்ளதுதானங்க. சொல்லுங்க."

அட மடையா! உயிர் ஊசலாடுகிற இடத்திலும் தொழில் பெருமை விடவில்லை.

கீரை என்று நினைத்துத்தான் வளர்த்தேன் என்பதற்குச் சாட்சி காலண்டரில் இருக்கிறது என்றான். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னார். லபான், புளித்தண்ணி, 'புளிக்கலை' எல்லாம் வந்தது. புளிச்சைக் கீரை எப்படி இருக்கும் என்று அவரே தாளில் வரைந்தும் காட்டினார். அதிகாரி படத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், சோலைமுத்துவைப் பார்த்தார். புளி ஊற்றிக் கஞ்சா வளர்க்கிறவன் எவனாவது இருப்பானா என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது. சோலைமுத்து அதைக் கவனித்தான். ஆவணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றுகூட நினைத்தான்.

அதிகாரியின் விரல் கடைசி இரண்டு கட்டங்களில் வந்து நின்றது. மொழிபெயர்ப்பாளர் படித்தார். படித்துவிட்டு அதிகாரி கேட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கெணத்துத் தண்ணி பேரீச்சைக்கு மட்டுந்தான் ஆகும்னு காலையில நீதான சொன்ன? ரெண்டு மாசமா ஊத்தாத தண்ணிய வெள்ளிக்கிழமை எதுக்கு ஊத்துன?"

சோலைமுத்து, "அன்னைக்குத்தாங்க அது என்னன்னு தெரிஞ்சுச்சு" என்றான்.

"எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"ஒருத்தரு சொன்னாரு."

"யாரு? பேரச் சொல்லு தம்பி. அவரு வந்து ஒரு வார்த்தை சொன்னா நீ பொழச்ச."

சோலைமுத்து டீ கிளாசைக் கீழே வைத்தான். "பேரு தெரியாதுங்க" என்றான்.

அதிகாரி பேனாவை மூடினார். செடி என்னவென்று தெரிந்து, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு, தடயத்தை அழிக்கப் பார்த்தவன் என்று எழுதியாயிற்று. அதற்கு முன்பும் இவனுக்குத் தெரிந்திருக்கும் என்று முடிவு கட்ட எவ்வளவு நேரமாகும்? புளித்தண்ணீரும் லபானும் செடியின் வீரியத்தைக் கூட்ட இவனே கண்டுபிடித்த கலவை என்று ஆகிவிட்டது.

வழக்கு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் சோலைமுத்து வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பேரைச் சொல்லவில்லைதான். ஆனாலும் அவராக வருவார் என்று ஒரு நப்பாசை. கலீலுர் ரஹ்மான் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கடைக்குள் கஞ்சா இலையைக் கையில் வாங்கினேன் என்று அந்த ஊரில் யார் போய்ச் சொல்வார்கள்? கடைசி நாளில் நீதிபதியின் மேஜை மேல் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அர்பாப் கொடுத்தனுப்பியது. நான்கு வருஷமாகக் கேட்டுக் கேட்டு வராதது இரும்புப் பெட்டியை விட்டு அன்றைக்கு வெளியே வந்திருந்தது. அதற்குள் இருந்த தன் போட்டோவைத் தூரத்திலிருந்து அடையாளம் கண்டுகொண்டான். பத்து வருஷம் என்று தீர்ப்பு.

தை மாதம் நாகவள்ளியின் கடிதம் ஜெயிலுக்கு வந்தது. "பாப்பாவுக்குக் காது குத்தியாச்சு. இனி காத்திருந்து என்னன்னு எங்கண்ணன் மடியில வச்சுக் குத்திட்டோம். புள்ள அழுகல. அப்பா வந்துட்டாகளான்னு மட்டும் கேட்டுச்சு." போட்டோவில் இரண்டு காதிலும் சின்னதாகத் தங்கம் மின்னியது. சோலைமுத்து அந்தப் போட்டோவை ஒரு தடவைதான் பார்த்தான். பிறகு கவருக்குள் போட்டு மூடிவிட்டான்.

மாசியில் ஜெயில் முற்றத்தில் செடி வைக்க ஏற்பாடு செய்தார்கள். காவலர் ஒருவர் அறை வாசலில் வந்து நின்று, தோட்ட வேலை யாருக்குத் தெரியும் என்று அரபியிலும் இந்தியிலும் கேட்டார். தெரிந்தவர்கள் காலையில் இரண்டு மணி நேரம் வெளிக்காற்றில் இருக்கலாம். நன்றாகச் செய்தால் தண்டனையிலும் கொஞ்சம் குறையலாம். மண்வெட்டியைப் பிடித்தே அறியாத டிரைவரும் தையல்காரரும்கூடக் கையைத் தூக்கினார்கள்.

பக்கத்திலிருந்தவன் சோலைமுத்துவின் விலாவில் இடித்தான். "சோலை பாய், நீ மாலிதானே, தோட்டக்காரன்தானே? கையைத் தூக்கு!"

சோலைமுத்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். "மாலூம் நஹி" என்றான். எனக்கு ஒன்றும் தெரியாது.

டிரைவரும் தையல்காரரும்தான் செடி வைத்தார்கள். ஜன்னல் கம்பி வழியாக அவை தெரியும். முதல் நாள் அவர்கள் தண்ணீர் விட்டபோது காற்றில் ஒரு துளி தெறித்து அவன் உதட்டில் விழுந்தது. உப்பு. பத்து நாளில் இலை நுனி கருகும், மாதம் முடிவதற்குள் அத்தனையும் பட்டுப்போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியே பட்டும் போனது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.